நிச்சயமாகவா?

என் பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு கருவிகள்.
மடிக்கணினிகள், கைபேசிகள்,
மீன் கிடங்கின் ஈரத்தில் இருமும் பிரிண்டர்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு பூட்டு,
திரையில் ஒரு பச்சைப் புள்ளி.

புன்டா அரேனாஸில் காற்று ஆளைத் தூக்கும்.
பிடித்துக்கொள்ளத் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
என் வேலையும் அந்தக் கயிறுதான் என்று
நேர்முகத்தேர்வில் சொன்னேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை. வேலை கிடைத்தது.

"யெர்கோ, பாஸ்வேர்டு மறந்துபோச்சு."
"யெர்கோ, நான் தொடவே இல்ல, தானா நின்னுபோச்சு."
தொட்டிருப்பார்கள்.
விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினால்
மீன் செதிலும் மாத்தே இலைத் தூளும் உதிரும்.

ஓஸ்வால்டோ கார்கமோ,
சால்மன் கூண்டுகளின் மேற்பார்வையாளர்.
கருவி எண் 0277.
படகு திரும்பாத இரவுக்கு மறுநாள்
அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தது:
கைபேசி காணவில்லை, விதிப்படி செய்க.
அழி என்று அழுத்தினால்
நிச்சயமாகவா என்று ஒரே ஒருமுறை கேட்கும்.
நிச்சயமாக, என்றேன்.
நீரிணைக்கு அடியில் கிடப்பது
எங்கே கீழ்ப்படியப் போகிறது?

அது நீரிணையில் இல்லை.
அவன் வீட்டுச் சமையலறையில், சார்ஜரில் இருந்தது.
நெல்தா பார்த்துக்கொண்டிருக்க
திரை கறுத்து, வெளுத்து,
வணக்கம் என்றது.
எந்த மொழி வேண்டும் என்றது.

மூன்று மாதம் அவள் பதில் சொல்லவில்லை.
பிறகு துண்டில் சுற்றி என் மேசையில் வைத்தாள்.
"தொலைஞ்சத நீங்கதான் எடுத்துத் தருவீங்களாமே."

எடுப்பேன்.
உப்புத் தண்ணீரில் ஊறிய வன்வட்டை
உலர்த்தி, கழற்றி, காதில் வைத்து
டிக் டிக் சத்தத்திலேயே நோய் சொல்லிவிடுவேன்.
அந்தக் காலத்தில் அழிப்பதென்றால்
கதவிலக்கத்தைப் பிடுங்குவது. வீடு அங்கேயே இருக்கும்,
தடவித் தடவிப் போய்ச் சேரலாம்.
இப்போது வீட்டை யாரும் தொடுவதில்லை;
சாவியை உருக்கிவிடுகிறோம்.
உள்ளே எல்லாமே இருக்கிறது.
எதுவும் எதுவாகவும் இல்லை.

இதை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
"சாவி யார் கையில இருந்துச்சு?" என்றாள்.

காப்புப்பிரதி?
இடம் நிறைந்துவிட்டது என்று ஏழு மாதமாக
பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில்
ஒரு மஞ்சள் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.
பார்த்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

படம் வேண்டாம், படம் அவன் தங்கைகளிடம் இருக்கிறது.
அவளுக்கு வேண்டியது குரல்.

அன்றிரவு அலுவலகத்தில் நானும் ஹீட்டரும்.
உதவிமேசைக்கு வரும் அழைப்பெல்லாம் பதிவாகும்;
தொண்ணூறு நாள் இருக்கும், பிறகு இருக்காது.
தேடினேன். எண்பத்தெட்டாவது நாள்.
நாற்பத்தோரு விநாடி:
"யெர்கோ, இந்தப் பிரிண்டர் சனியன் மறுபடியும்...
சத்தியமா நான் தொடவே இல்ல."
பிறகு காற்று.
பிறகு வேறு யாரிடமோ திரும்பி,
"கதவச் சாத்துடா, உறைஞ்சு சாகவா?"

வெளியாளுக்குப் போட்டுக்காட்ட விதியில் இடமில்லை.
ஹெட்போனை அவள் காதில் நானே மாட்டினேன்.

முதல் தடவை முகம் அசையவில்லை.
இரண்டாம் தடவை
கதவுக்கு முன்னாலேயே நிறுத்தச் சொன்னாள்.
மூன்றாம் தடவை, "தொட்டிருப்பான்," என்றாள்.
சிரித்துவிட்டு
சிரித்த வாயைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

தொண்ணூறாம் நாள் நள்ளிரவில் அது அழிந்தது.
யாரிடமும் நிச்சயமாகவா என்று கேட்கவில்லை.
நகல் ஏதும் உண்டா என்று
நீங்களும் கேட்காதீர்கள்.

அவன் புகார் மட்டும் இன்னும் திறந்திருக்கிறது.
ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு
கூண்டுத் துறைக்கு நடந்தேன்.
பிரிண்டரின் தொண்டையில்
கிழிந்த லேபிள் ஒன்று, பாதித் தேதியுடன்.
யாரோ இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.
உருளையில் ஒரு கட்டைவிரல் மை.

துடைக்கும் துணி கையில் இருந்தது.
கதவைச் சாத்திவிட்டு
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.